மூன்று சுழித் துப்பாக்கி

கோலப்பபிள்ளைக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்மேல்தான் பொறாமை. அந்த ஆள் கைலாசநாதபிள்ளை.

கோலப்பபிள்ளையின் மனைவி பார்வதியம்மாள். அவளுடைய அக்காள் அழகியநாயகியைக் கட்டியவர் கைலாசநாதபிள்ளை. தாழக்குடியில் இரண்டு பேருக்கும் எதிரெதிர் வீடு. மாமனார் வீட்டு விசேஷத்தில் முதல் இலை மூத்த மருமகனுக்கு. கால்வாயில் தண்ணீர் வந்தால் முதலில் நனைவதும் அவர் வயல்தான். இத்தனைக்கும் அந்த மனிதர் எதையும் கேட்டு வாங்கியவரில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், எல்லாம் தானாக வந்து சேரும். கோலப்பபிள்ளையை அரித்தது அந்தக் கொட்டாவிதான்.

ஆகவே அவர் கைலாசநாதபிள்ளை எட்டியே பார்க்காத ஒரு காரியத்தில் இறங்கினார். பழைய பட்டாளத்துத் துப்பாக்கி சேர்ப்பது. பதினோரு வருஷத்தில் ஏழு துப்பாக்கி, நான்கு துப்பாக்கிக் கத்தி, இரண்டு தோட்டாப் பை, வெடிமருந்து வைக்கும் கொம்பு ஒன்று, இவ்வளவும் முன்னறைச் சுவரில் ஏறின. எந்தத் துப்பாக்கியைக் காட்டினாலும் முத்திரையைத் தடவிப் பார்த்து இன்ன வருஷம், இன்ன இனம் என்று சொல்லிவிடுவார்.

ஏழில் ஒன்று அவருக்கு உயிர். அதன் குழலைப் பேச்சிப்பாறை மலைத்தோட்டம் ஒன்றில் நல்லமிளகுக் கொடிக்கு ஊன்றியிருந்த இடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார். விசைப்பூட்டு கோட்டாற்றுச் சந்தையில் பழைய இரும்புக் குவியலுக்கடியில் கிடைத்தது. கிரீட முத்திரையும் 1862 என்ற வருஷமும் அதில் இருந்தன. வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கதவுக்கு அண்டை கொடுத்திருந்த கட்டை, பொருத்திப் பார்த்தபோது மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. புன்னைக்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்து மூன்றையும் ஒரே பிறவியாக்கினார்.

"இது ஸ்னைடர். என்ஃபீல்டு துப்பாக்கியைப் பின்னால வெட்டிக் கதவு வச்சது. கதவு வலப்பக்கம் தொறக்கும், பாத்தேரா? குழலுக்குள்ள மூணு வரி முறுக்கிக்கிட்டுப் போகும்" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டுவார்.

"வந்தவங்களுக்கு ஒரு வாய் மோரு குடுக்கதுக்கு முன்னால அந்தக் கதவைத் தொறந்து காட்டிருதியளே" என்பாள் பார்வதியம்மாள்.

எதிர்வீட்டுக்காரரும் ஒரு தடவை வந்து பார்த்தார். "கொள்ளாம் கோலப்பா, நல்லாத்தான் இருக்கு. கொசு அடிக்க ஆகுமா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் திருக்கொச்சி சர்க்கார் நாகர்கோவிலில் ஒரு ஆபீஸ் திறந்தது. பழம்படைக்கல அடையாள ஆபீஸ். சமஸ்தானப் பட்டாளம் கலைந்த பிறகு வீடுகளில் கிடக்கிற பழைய ஆயுதங்களை அடையாளம் கண்டு, பெயர் எழுதி, பதிவேட்டில் ஏற்றுவது அதன் வேலை. தேறிய ஆயுதத்துக்கு, உடையவர் பெயரைப் பொறித்த பித்தளைத் தகடும் கண்ணாடிப் பெட்டியில் இடமும் உண்டு. தேறாதது உலைக்குப் போகும். செய்தியைக் கேட்ட அன்றைக்குக் கோலப்பபிள்ளை இரண்டு தடவை குளித்தார். முதல் எண், முதல் தகடு, 'கோலப்பபிள்ளை, ஸ்னைடர்' என்று பொறித்தது, கைலாசநாதபிள்ளையின் வாசலுக்கு நேரே பார்க்கும்படி தன் வீட்டு நிலைக்கு மேலே. இதற்குமேல் அவர் சாமியிடம் எதையும் கேட்டதில்லை.

ஆபீசில் குமாஸ்தா சிலுவைதாசன் அச்சடித்த படிவப் பாரம் ஒன்றை நீட்டினார். கோலப்பபிள்ளை வாசித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வே, இது மாட்டுக் கணக்கெடுப்புப் பாரம்லா?"

"ஆமா. துப்பாக்கிக்குப் பாரம் அச்சடிக்கத் திருவனந்தபுரத்துக்கு எழுதியிருக்கு. நம்ம சூப்பிரண்டு குறுப்பு சார் இருவத்திரெண்டு வருஷம் மாட்டு இலாகாவில இருந்தவரு. வரும்போ கையோட நாலாயிரம் பாரம் கொண்டு வந்தாரு. அது தீரணும்லா? சொல்லும். கொம்பு எத்தனை?"

"துப்பாக்கிக்கு ஏது வே கொம்பு?"

"மருந்துக் கொம்பு வச்சிருக்கேருன்னு கேள்விப்பட்டேனே."

"அது ஒண்ணு உண்டு."

"ஒத்தைக் கொம்பு. கறவையா, வறடா?"

"என்னது?"

"வெடிக்குமா வெடிக்காதா வே?"

"வெடிக்காது."

"வறடு. சுழி?"

கோலப்பபிள்ளைக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்தது. இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான பதில் அவரிடம் இருந்தது. "குழலுக்குள்ள வரி முறுக்கிக்கிட்டுப் போகும். மூணு. வேணும்னா மூணு சுழின்னு எழுதிக்கிடும்."

சிலுவைதாசன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மூணு சுழியா? ஆகாதே வே. வாங்கின வீடு வெளங்காதுன்னுல்லா சொல்லுவாங்க."

"இது துப்பாக்கி வே! உம்ம வேதத்துல சுழி பாக்கச் சொல்லியிருக்கா?"

"எனக்கு சுழியும் கிடையாது, ராகுகாலமும் கிடையாது. ஆனா பாரத்துக்கு உண்டும். பாரம் கேட்டா நான் எழுதணும்." எழுதினார். எழுதிவிட்டு, "சூப்பிரண்டு நேரில வந்து பாப்பாரு. மத்தியானச் சாப்பாட்டு நேரமா வந்தா அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றார்.

கோலப்பபிள்ளைக்கு அது புரிந்தது. சூப்பிரண்டு வருகிற நாளைக்கு அவியல், துவரன், புளிசேரி, பப்படம், அடைப்பிரதமன் என்று அமளிப்பட்டது. பார்வதியம்மாள் ஒற்றைக்குச் சமாளிக்க முடியாமல் எதிர்வீட்டு அக்காளைக் கூப்பிட்டாள். மழைக்காலம், விறகெல்லாம் ஈரம். "ஒனக்க குழலு சவத்துல காத்து ஒழுகுது பிள்ளே" என்று அழகியநாயகி தன் வீட்டு ஊதுகுழலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அது ஒழுகினசேரிக் கொல்லன் கபிரியேல் பழைய தண்ணீர்க்குழாய் ஒன்றை ஒன்றரை முழத்துக்கு வெட்டிக் கொடுத்தது. அக்காள் வந்ததால் அத்தானையும் சாப்பாட்டுக்குச் சொல்லவேண்டியதாயிற்று. கைலாசநாதபிள்ளை வந்து முதல் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

குறுப்பு வந்தார். சுவரோரம் ஒவ்வொரு துப்பாக்கியாகப் பார்த்துக்கொண்டே போனார். ஸ்னைடரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"பல்லு இல்லியோ?"

"சார், அது குண்டு வெளிய போற வாய்."

"வாய் உண்டு, பல்லு இல்லை. வயசு எப்படித் தெரியும்?"

"இன்னா, முத்திரை இருக்கு சார். ஆயிரத்து எண்ணூத்து அறுவத்திரெண்டு."

"வயசை உடமஸ்தன் சொல்லி நான் ஒருநாளும் ஏத்ததில்லை. எல்லா உடமஸ்தனும் குறைச்சுத்தான் சொல்லுவான்" என்றார் குறுப்பு. அப்போது அவர் மூக்கு விரிந்தது. "புகை வருதே. எங்கேயிருந்து?"

அடுக்களை வாசலில் போய் நின்றார். உள்ளே அழகியநாயகி கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தாள். குறுப்பு அந்தக் குழலை வாங்கினார். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் உள்ளே பார்த்தார். விரலைவிட்டு எடுத்தார், விரல் முழுக்கக் கரி. முகர்ந்தார். 

"ஐயோ, எத்தனை யுத்தம் கண்டிருக்கு இந்தத் தோக்கு, இந்தத் துப்பாக்கி!"

கோலப்பபிள்ளை முதலில் சிரித்தார். வேறு யாரும் சிரிக்காததால் நிறுத்தினார். "சார், அது ஊதுகுழல். மைனி அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தா."

"பதிவேட்டில் ஊதுகுழல்னு ஒரு இனம் இல்லை."

"அடுப்பு ஊதுகதை நீங்களே பாத்தியளே சார்."

"பட்டாளத்துச் சாதி அப்படித்தான். உழைக்கச் சொன்னா உழைக்கும், ஊதச் சொன்னா ஊதும். விசுவாசம்!" குறுப்பு திரும்பினார். "இது ஆருடையது?"

எல்லாரும் முதல் இலையைப் பார்த்தார்கள். கைலாசநாதபிள்ளை கண்ணைத் திறந்தார்.

"எங்க வீட்டுதுதான். என்ன, எடுத்துக்கிடணுமா? எடுத்துக்கிடுங்க" என்றார். கொட்டாவி விட்டார்.

அடுத்த மாதம் கண்காட்சி. நடுப்பெட்டியில் சிவப்புப் பட்டின்மேல் ஊதுகுழல் படுத்திருந்தது. தோவாளையிலிருந்து வரவழைத்த பிச்சிப்பூ மாலை அதன்மேல். பெட்டியின் நெற்றியில் பித்தளைத் தகடு: 'ஸ்ரீ கைலாசநாதபிள்ளை அவர்களின் படைக்கலம். முதல் தரம். எண் 1.' கோலப்பபிள்ளை அந்த 1-ஐயே பார்த்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார்.  

குறுப்பு பிரசங்கம் செய்தார்.

"மகாஜனங்களே! இந்த ஆபீஸ் திறந்து இத்தனை நாளாக நாங்கள் ஒரு துப்பாக்கியைக்கூட அடையாளம் காணவில்லை. அது எங்கள் குறை அல்ல, எங்கள் கண்டிப்பு. துப்பாக்கி தெரிந்தவர்கள் பலர் இங்கே உத்தியோகத்துக்கு மனுப் போட்டார்கள். ஒருவரையும் எடுக்கவில்லை. ஏன்? தெரிந்தவன் ஒரு பக்கம் சாய்ந்து விடுவான். தெரியாதவனுக்குத்தான் நடுநிலை உண்டு. நான் பூரண நடுநிலைக்காரன் என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு மாதிரித் துப்பாக்கி இருக்கிறது. அது அலமாரியில் இருக்கிறது. அலமாரியின் சாவி மாற்றலாகிப் போனவரிடம் இருக்கிறது. ஆகவே இன்றுமுதல் இதுவே நமது மாதிரி. இதைப்போல் இருப்பது துப்பாக்கி. இதைப்போல் இல்லாதது துப்பாக்கி அல்ல."

கைதட்டல் அடங்கியதும் கைலாசநாதபிள்ளையை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் எழுந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நல்ல குழலு. ஊதினா பத்தும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். குறுப்பு துவாலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்று நாள் கோலப்பபிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் கைலாசநாதபிள்ளையே வீட்டுக்கு வந்தார்.

"கோலப்பா, ஒரு உபகாரம். ஒனக்க மைனி அன்னையிலேருந்து முறத்தால அடுப்பை வீசிக்கிட்டு இருக்கா. எனக்குக் காப்பி கிடைக்க மணி ஒம்பதாகுது. ஒனக்குத்தான் ஆபீஸ்ல பழக்கம் உண்டே, அந்தக் குழலைத் திருப்பித் தரச் சொல்லேன்."

"வேண்டாங்கியளா அண்ணாச்சி? அந்தத் தகடு?"

"தகடை வச்சு அடுப்பு ஊதவா?"

தனக்குக் கிடைக்காதது இன்னொருவருக்குக் கிடைத்ததைக் கோலப்பபிள்ளை எப்படியோ பொறுத்திருப்பார். கிடைத்தவர் அதை வேண்டாமென்றதைப் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கே ஒழுகினசேரிக்குப் போய், 'மேற்படி குழல் நான் தண்ணீர்க்குழாயில் வெட்டிக் கொடுத்தது' என்று கபிரியேலிடம் எழுதி வாங்கி, ஆட்சேப மனுவோடு சேர்த்துக் கொடுத்தார்.

குறுப்பு மனுவை முழுதும் வாசித்தார். கோபப்படவில்லை.

"நீர் சொல்வது சரியாக இருக்கலாம்."

"சரிதான் சார்!"

"ஆனால் சரி என்று நான் ஒப்புக்கொண்டால் மாதிரி போகும். மாதிரி போனால் பிரசங்கம் போகும். பிரசங்கம் அச்சாகிவிட்டதே. வேண்டுமானால் உமக்கு நியாயம் செய்கிறேன். உம்முடையதை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்."

ஸ்னைடரை மேஜையில் கிடத்தினார்கள். பக்கத்தில் ஊதுகுழல். சிலுவைதாசன் எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"மரக்கட்டை. மாதிரியில் இல்லை. ஊனம் ஒண்ணு. வலப்பக்கம் கதவு. மாதிரியில் இல்லை. ஊனம் ரெண்டு. விரல் போட்டு இழுக்கப்பட்ட கொக்கி, ஊனம் மூணு. சுத்தியல் மாதிரி ஒண்ணு, ஊனம் நாலு. முதுகில முளை, ஊனம் அஞ்சு."

"முளை இல்ல வே, குறி பாக்கதுக்கு!"

"மாதிரி குறி பாக்கலியே. பாக்காமலே முதல் தரம் ஆயிட்டுல்லா? உள்ளே சுழி மூணு. மாதிரி உள்ளே மொழுமொழுன்னு இருக்கு. ஊனம் ஆறு." அவர் தாளைத் திருப்பி வைத்தார். "ஆறு ஊனம். உலைக்கு."

கோலப்பபிள்ளை ஸ்னைடரை வாரி எடுத்துக்கொண்டார். குறுப்பு இரக்கப்பட்டார். "பதினைந்து நாள் தவணை தருகிறேன். ஊனம் நீக்கிக் கொண்டு வந்தால் ஏற்றுக்கொள்கிறேன். என்னிடம் எத்தனையோ நோஞ்சான் கன்று தேறியிருக்கிறது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் பார்வதியம்மாள் கையிலிருந்த கீரையைக் கீழே போட்டாள்.

"மூளை இருக்கா அந்த ஆளுக்கு? ஒங்களுக்கு இருக்கா? சுவருல மாட்டிப் போட்டுட்டுப் பேசாம இருங்க. பதினோரு வருஷம் அது தகடு இல்லாமத்தானே இருந்தது? அதுக்குப் பேரு என்னன்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்கே தெரியும், தெனமும் கேட்டு. வேற யாருக்குத் தெரியணும்?"

அவள் சொன்னதில் இருந்த நியாயம் கோலப்பபிள்ளைக்கு எட்டியது. ஸ்னைடரைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். டக்கென்று அந்தச் சத்தம் கேட்டதும் மனசுகூடச் சமாதானப்பட்டது. பதினாலு நாள் அப்படியே போயிற்று.

பதினைந்தாம் நாள் காலையில் ஆபீஸ் சேவகன் ஒருவன் சைக்கிளில் வந்தான். எதிர்வீட்டு வாசலில் இறங்கினான்.

"என்ன பிள்ளே அங்க?" என்றார் கோலப்பபிள்ளை.

பார்வதியம்மாள் போய் விசாரித்து வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள். "அத்தானை என்னவோ ஆலோசனைச் சபைக்குத் தலைவராப் போட்டிருக்காம். மேடையில நடு நாற்காலியாம்."

"அண்ணாச்சி என்ன செய்யுதாரு?"

"அந்தக் கடுதாசியை நெஞ்சில வச்சுக்கிட்டு உறங்குதாரு."

கோலப்பபிள்ளை எழுந்து போய்த் திருப்புளியை எடுத்தார்.

எந்த ஆணி எதைப் பிடித்திருக்கிறது என்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். சேர்க்கப் பதினோரு வருஷம் ஆனது, பிரிக்க ஒரு நாழிகை ஆகவில்லை. மூன்று பட்டை கழன்றது. கட்டை விலகியது. விசைப்பூட்டு கிரீட முத்திரையோடு பாயில் விழுந்தது. கதவின் ஆணியைத் தட்டி எடுத்தார். குறி முளையை அரத்தால் ராவினார். பார்வதியம்மாள் விழுந்த ஆணிகளைப் பொறுக்கி ஒரு சிரட்டையில் போட்டாள். 

மிச்சமிருந்த வரிகளைக் கடைந்து எடுக்க ஒழுகினசேரிக்குப் போனார். கபிரியேல் குழலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"பிள்ளைவாள், எப்பேர்ப்பட்ட வேலை இது! ஒரு பிசிறு உண்டுமா? இதைக் கடையவா சொல்லுதிய?"

"கடையும்."

"பக்கத்தையும் அடைக்கணும், நீளத்தையும் வெட்டணும். இதுக்கு ஒரு ஊதுகுழலு வேணும்னா எங்கிட்டயே ரெண்டு கிடக்கே."

"எனக்கு ஊதுகுழல் வேண்டாம் வே. துப்பாக்கிதான் வேணும்" என்றார் கோலப்பபிள்ளை.

கபிரியேல் அவர் முகத்தைப் பார்த்தான். குழலை இடுக்கியில் மாட்டினான். இரும்புத் துருவல் சுருள் சுருளாக விழ ஆரம்பித்ததும் கோலப்பபிள்ளை தெருவில் போகிற மாட்டுவண்டிகளை எண்ணிக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தார். குறுப்பு குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். மாதிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இப்போ தோக்கு ஆச்சு! பாரும், எவ்வளவு லட்சணம்! முதல் தரம்." கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

முதல் தரம்! கோலப்பபிள்ளைக்குக் கண் கலங்கியது. சிலுவைதாசன் பதிவேட்டில் எழுதிவிட்டு, கையெழுத்துப் போடச் சொல்லி அவர் பக்கம் திருப்பினார்.

'உடையவர்: கோலப்பபிள்ளை. இனம்: கைலாசநாதன் மாதிரி. எண் 2.'

"என்ன வே எழுதியிருக்கு?"

"சரியாத்தானே எழுதியிருக்கு."

"எனக்க துப்பாக்கிக்கு அவரு பேரா? ஸ்னைடர்னு எழுதும் வே! அதுதான் அதுக்க பேரு!"

"ஸ்னைடரா? அது ஆரு? இந்தத் தாலுகாவில மனு குடுத்திருக்காரா? முதல்ல பதிஞ்சது கைலாசநாதபிள்ளை. அவரு குழலைப்போல இருக்கப்பட்டது எல்லாம் இனி கைலாசநாதன் மாதிரிதான். தகட்டுலயும் அப்படித்தான் வெட்டுவாங்க."

"எனக்க வீட்டு நிலைக்கு மேல அவரு பேரைத் தொங்கவிடச் சொல்லுதேரு?"

"வே, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுது. வேண்டாம்னா எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போவும். ரெண்டாம் நம்பரைப் பின்னால நிக்கப்பட்ட ஞானபாய் அம்மாளுக்குக் குடுத்திருவேன்."

கோலப்பபிள்ளை திரும்பிப் பார்த்தார். ஞானபாய் அம்மாள் முந்தானையில் சுற்றிய குழலோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் வெளிவாசல் வரைக்கும் ஆட்கள், எல்லார் கையிலும் கரிபிடித்த குழல். கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஒவ்வொருவரும் கழுத்தை நீட்டி, முன்னால் நிற்கிறவர் எப்போது நகருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பேனாவைத் தாரும்" என்றார்.

சிலுவைதாசன் பேனாவை மையில் தோய்த்துக் கொடுத்தார். கோலப்பபிள்ளை தாளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர், ஒரு நிமிஷம் நிறுத்திக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வே, மூணாம் நம்பருக்கும் இதே அளவுத் தகடுதானா?"

"இல்லை. மூணிலேருந்து அரை விரக்கடை சின்னது."

கோலப்பபிள்ளை கையெழுத்துப் போட்டார்.